படம் வரும் வழியில் நின்றவள்

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளில் பயப்படும்படியாக எதுவும் இல்லை. சனிக்கிழமை காலை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் பெரிய லோரிகள் சாலையில் உறுமிக்கொண்டு போக, ஒவ்வொன்றுக்கும் வீட்டின் ஜன்னல் கண்ணாடிகள் ஒருமுறை நடுங்கி அடங்கின.

"இதுக்குப் பழகிக்கணும் லா," என்றான் குகன், மெத்தையின் முன்பக்கத்தைத் தோளில் சாய்த்தபடி. "கொஞ்ச நாள்ல காதுலயே விழாது."

பின்பக்கத்தைப் பிடித்திருந்த தாமரை முழங்காலால் முட்டுக்கொடுத்து அதைப் படியில் மேலே தள்ளினாள். கூடத்தின் பின்னாலிருந்து மாடிக்கு நேராக ஏறும் படிக்கட்டு அது. நடுவில் மட்டும், மூச்சு வாங்கிக்கொள்ள இடம் விட்டதுபோல், அகலமான ஒரு தளம். அங்கே மெத்தையைச் சாய்த்துவிட்டு இருவரும் நின்றார்கள். சரியாகக் காயாத துணியின் வாடை மூக்கில் ஏறியது.

"வீடு ரொம்ப நாள் பூட்டிக் கிடந்துச்சில்ல," என்றான் குகன். "ஜன்னலத் திறந்து போட்டா போயிடும்."

வாடகை குறைவு. குகனுக்குத் துறைமுகத்தில் கொள்கலன் அடுக்கும் யார்டில் ஷிப்ட் வேலை. மோட்டாரில் போனால் சீக்கிரம் போய்விடலாம். தாமரைக்கு வேண்டியதெல்லாம் ஓர் அமைதியான அறை. கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது அவள் தொழில். ஒரு கம்பெனியில் பல வருடம் அதே வேலையைச் செய்துவிட்டு, இப்போதுதான் துணிந்து தனியாகத் தொடங்கியிருந்தாள். மாடியில் படிக்கட்டுக்கு நேரெதிரே இருந்த பின்னறையை அவள் எடுத்துக்கொண்டாள். மேசையை ஜன்னலை ஒட்டிப் போட்டாள். உட்கார்ந்தால் வெளியே வெளிச்சமும், முதுகுக்குப் பின்னால் திறந்த கதவும், அதற்கப்பால் கீழே இறங்கும் படியும் இருக்கும்.

டிவி கூடத்தில், படியைப் பார்த்த மாதிரி மாட்டப்பட்டிருந்தது. மேலே லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால், வீட்டு வைஃபை வழியாகப் படம் கீழே டிவியில் ஓடும். கம்பி வேண்டாம், ஏறி இறங்க வேண்டாம். வாடிக்கையாளர்கள் சோபாவில் உட்கார்ந்து பெரிய திரையில் பார்த்துவிட்டு, "இத வெட்டிடுங்க, அத நீட்டுங்க" என்று குரல் கொடுத்தால், தாமரை மேலேயே இருந்து மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிக் காட்டுவாள்.

முதலில் அப்படி வந்தவர்கள் உஷாராணியும் அவள் கணவன் ஜீவனும். கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணம். உஷாராணியின் அம்மாவும் கூடவே வந்திருந்தார். சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. குகன் கீழே அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மேலே தாமரை படத்தை ஓடவிட்டாள். நாதஸ்வரம் கீழிருந்து கேட்டது. கெட்டிமேளம் முழங்கியது.

"அக்கா! கொஞ்சம் நிப்பாட்டுங்க!" உஷாராணியின் குரல்.

தாமரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். டிவியில் தாலி கட்டும் கணம் உறைந்து நின்றது. ஜீவனின் கைகள் உஷாராணியின் கழுத்தருகே. சுற்றிலும் அட்சதை தூவ ஓங்கிய கைகள். அதற்கெல்லாம் முன்னால், திரையின் வலது பக்கத்தில், ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரு இது?" என்றாள் உஷாராணி. "உங்க சொந்தமா?"

"எங்க பக்கம் இல்ல," என்றான் ஜீவன். "உங்க பெரியம்மாவோ என்னவோ."

"எங்க பெரியம்மா கப்தான் போட்டுட்டுக் கல்யாணத்துக்கு வருவாங்களா?"

அவள் அணிந்திருந்தது கப்தான்தான். வீட்டில் போட்டுக்கொள்ளும் தொளதொளப்பான பாத்தேக் துணி, தவிட்டு நிறத்தில் பெரிய பெரிய பூக்கள். தலைக்குக் குளித்தவள்போல் முடி முதுகில் ஈரமாக ஒட்டிக் கிடந்தது. உஷாராணியின் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தார். "மண்டபத்துல பாத்திரம் கழுவ வந்த பொம்பளையா இருக்கும். மேடையில ஏறவிட்டது யாருன்னு கேக்கணும்," என்றார்.

"எடுத்துடறேன் ஆன்டி," என்றாள் தாமரை.

மேலே வந்து லேப்டாப்பைப் பார்த்தாள். தாலி கட்டும் அதே கணம், அதே கைகள், அதே அட்சதை.

அந்தப் பெண் இல்லை.

முன்னே தள்ளிப் பார்த்தாள், பின்னே இழுத்துப் பார்த்தாள். அந்த வீடியோவோடு அவள் பல நாள் குடித்தனம் நடத்தியிருந்தாள். அதில் வந்து போகும் ஒவ்வொரு முகமும் அவளுக்கு மனப்பாடம். இல்லாத ஒருத்தியை எப்படி எடுப்பது? கீழே போய், சரிசெய்து அனுப்புகிறேன் என்று ஏதோ சொல்லி அவர்களை அனுப்பிவைத்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடும்போது உஷாராணி ஒருமுறை திரும்பி வீட்டைப் பார்த்தது தாமரைக்கு ஏனோ பிடிக்கவில்லை.

"வைஃபை கோளாறு," என்றான் குகன். "பக்கத்து வீட்டு சிக்னல் ஏதாச்சும் கலந்திருக்கும். டென்ஷன் ஆகாதே."

அதை நிரூபிக்க அவன் மேலே போய் ஒரு சினிமாவை அனுப்பினான். தாமரை சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து பார்த்தாள். பனிமலையில் ஒரு பாட்டு. கதாநாயகி மெல்லிய சேலையில் சுற்றிச் சுற்றி ஆடினாள். வெள்ளை வெளேரென்ற பனியின் நடுவே, அந்தத் தவிட்டு நிறக் கப்தான். அசையாத முதுகு. ஆடுகிறவர்கள் அவளுக்குப் பின்னால் மறைந்து, மறுபக்கம் வெளிப்பட்டார்கள்.

குகன் இறங்கி வந்து பார்த்தான். சிரிப்பு வந்தது அவனுக்கு. "டான்சரு நிக்குது பாரு," என்றான். பிறகு போய்ப் பழைய கால்பந்து ஆட்டம் ஒன்றை அனுப்பிவிட்டு வந்தான். பச்சைப் புல்தரையில் ஆட்டக்காரர்கள் ஓடினார்கள். அவள் அதே இடத்தில் நின்றாள். அதே வலது பக்கம், அதே உயரம்.

இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் அவனுக்கு விடுமுறை. காலை வெளிச்சத்தில் இருவரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். வீடியோவைப் பென்டிரைவில் போட்டு நேராக டிவியில் செருகினால், அவள் இல்லை. லேப்டாப்பை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்து அனுப்பினாலும் இல்லை. சமையலறையிலிருந்து அனுப்பினாலும் படம் சுத்தமாக வந்தது. மாடிப் பின்னறையிலிருந்து அனுப்பும்போது மட்டும் நின்றாள்.

"படத்துல இல்ல," என்றாள் தாமரை மெல்ல. "படம் வர்ற வழியில நிக்கிறா."

"என்னா பேசற நீ?"

"லேப்டாப்ப எடுத்துக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறுங்க. நான் டிவியப் பார்க்கறேன்."

குகன் முணுமுணுத்தான். ஆனாலும் லேப்டாப்பைத் தாம்பாளம்போல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏறினான். கல்யாண நாதஸ்வரம் டிவியில் ஒலித்தது.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல. ஏறுங்க."

நடுத் தளத்தை அடைந்தான். "இப்ப?"

"இல்ல."

தளத்தைத் தாண்டி மேற்படியில் கால் வைத்தான்.

"இப்ப?"

தாமரை டிவியை விட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"தாமரை, இப்ப?"

"திரும்பாதீங்க," என்றாள் அவள். "உங்க பின்னால நிக்கிறா. அவளத் தாண்டித்தான் இப்பப் போனீங்க."

குகன் சிலையாக நின்றான்.

அப்போதுதான் தாமரைக்கு அது உறைத்தது. டிவிக்கு அந்தப் பெண்ணின் முதுகு தெரிகிறது. அப்படியென்றால் அவள் முகம் மாடியைப் பார்த்து இருக்கிறது. குகனைப் பார்த்து. இத்தனை நாளும் பின்னறைக் கதவைத் திறந்துபோட்டு, படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை செய்த தாமரையைப் பார்த்து.

குகன் ரொம்ப நேரம் மேற்படியிலேயே நின்றான். இறங்க வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்து, "முருகா முருகா" என்று தடதடவென்று ஓடிவந்து கூடத்தில் விழாத குறையாக நின்றான். முகம் வெளிறியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

பக்கத்து வீட்டு வீரம்மா ஆன்டி போர்ச்சில் குழாய் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். தாமரை வேலியோரம் போய் நின்றாள். சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியவில்லை அவளுக்கு.

"ஆன்டி, இந்த வீட்டுல யாராச்சும் செத்துப் போயிருக்காங்களா?"

வீரம்மா ஆன்டி குழாயை மூடினார்.

"யாரும் சாகலமா," என்றார். "செத்திருந்தா நானே சொல்லியிருப்பேனே. முன்ன சீதாலெட்சுமின்னு ஒரு பொண்ணு இருந்திச்சு. வீட்டுக்காரன் லோரி ஓட்டறவன், பாதி நாள் வீட்டுலயே இருக்க மாட்டான். ஒரு நாள் காலையில தலைக்குக் குளிச்சிட்டுத் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. எங்கிட்டப் பேசினா. மழை வர்ற மாதிரி இருக்கு ஆன்டின்னா. பேசிட்டு உள்ள போனா."

"அப்புறம்?"

"அவ்வளோதான். உள்ள போனா. சாயங்காலம் அவன் வந்து கூப்பிடறான், பதில் இல்ல. வாசல் கிரில் கதவுல உள்பக்கம் பூட்டு. ஆள் வந்து வெட்டித்தான் திறந்தாங்க. பின்கதவும் உள்ளதான் தாழ் போட்டிருக்கு. போலீஸ் வந்துச்சு, மேல கூரை வரைக்கும் தேடுனாங்க." வீரம்மா ஆன்டி அந்த வீட்டின் மாடி ஜன்னலைப் பார்த்தார். "நான் இங்கயேதான் இருந்தேன்மா அன்னிக்கு. அவ உள்ள போனதப் பார்த்தேன். வெளிய வந்தத யாரும் பார்க்கல."

உடனே கிளம்பிவிட வேண்டியதுதான். ஆனால் கிளம்பி எங்கே போவது? குகனின் அக்கா ரவாங்கில் இருந்தாள். அங்கேயிருந்து துறைமுகத்துக்கு ஷிப்டுக்கு வர முடியாது. வேறு வீடு பார்க்கும்வரை சமாளிப்போம் என்றான் குகன். கையைக் கோத்துக்கொண்டு இருவரும் மேலே போய் வேண்டியதை அள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடத்திலேயே மெத்தை, கூடத்திலேயே தாமரையின் வேலை. வைஃபை பெட்டியின் வயரைக் குகன் பிடுங்கிப் போட்டான்.

அப்போதுதான் உண்மையான அவஸ்தை தொடங்கியது.

டிவி இருண்டு கிடந்தது. அவள் எங்கே நிற்கிறாள் என்று இப்போது தெரியவில்லை. தாமரையால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். சிறிது நேரத்தில் எழுந்து எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். சோறு வடிக்கும்போது பின்கழுத்து குறுகுறுத்தது. குகன் வேலைக்குப் போய்விட்டால் கிரில் கதவைத் திறந்துபோட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். லோரி போய் ஜன்னல் நடுங்கினால் எழுந்தாள். நடுங்காவிட்டாலும் எழுந்தாள். உஷாராணியின் வீடியோவை அப்படித்தான் முடித்துக் கொடுத்தாள்.

"பார்த்தா பயமா இருக்கு," என்றாள் ஒருநாள் குகனிடம். "பார்க்காம இருந்தா அதவிடப் பயமா இருக்கு. எங்க நிக்கிறான்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

அதனால்தான் அந்த ஏற்பாடு. குகனின் பழைய லேப்டாப்பை மாடிப் பின்னறையில், கதவை ஒட்டிப் போட்ட ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். அதில் உஷாராணி கல்யாணம் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓடும். பிடுங்கிப் போட்ட வைஃபை வயரை மறுபடி செருகியதும் படம் கீழே டிவிக்கு வரும். சத்தத்தைக் குறைத்துவிட்டால் டிவி ஒரு காவல்காரன். நடுத் தளத்தில் அவள் நிற்கிறாளா, நிற்கிறாள். தாமரை வேலையைப் பார்ப்பாள், தலையைத் தூக்கிப் பார்ப்பாள், மறுபடி வேலையைப் பார்ப்பாள். பாம்பு எங்கே சுருண்டிருக்கிறது என்று தெரிந்தால், அதே அறையில்கூட இருந்துவிடலாம் போலிருந்தது.

பிறகு திரையில் அவள் சிறியவளானாள்.

முதலில் குகன்தான் கவனித்தான். திரையில் பாதி உயரம் இருந்தவள் கொஞ்சம் குறைந்திருந்தாள். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் குறைந்தாள். கப்தானின் பூக்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. பிறகு பூ என்றே தெரியவில்லை. ஒரு கை நீளம், ஒரு விரல் நீளம்.

"பாரு, தேஞ்சிக்கிட்டே வர்றா," என்றான் குகன். அவன் முகத்தில் பல நாள் கழித்து ரத்தம் ஓடியது. "நான் சொல்லல? அக்கா ரவாங் கோயில்ல அர்ச்சனை பண்ணுச்சு. அது வேலை செய்யுது லா."

தாமரை திரைக்குக் கிட்டப்போய்ப் பார்த்தாள். அவளுக்கும் நம்பத்தான் ஆசை.

ஒரு நாள் காலையில் டிவியில் உஷாராணி கல்யாணம் மட்டும் ஓடியது. கப்தான் இல்லை, முதுகு இல்லை. அன்று முழுவதும் பார்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள். அதற்கு அடுத்த நாள் குகன் கடைக்குப் போய் மட்டன் வாங்கி வந்தான். மெத்தையை மறுபடி மாடிக்குக் கொண்டுபோகலாம் என்றான். நன்றாகத் தூங்கி எவ்வளவு நாளாயிற்று.

சாயங்காலம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை தடாலென்று இறங்கியதும் தாமரைக்கு மாடி ஜன்னல் திறந்திருப்பது ஞாபகம் வந்தது. ஜன்னலுக்குக் கீழேதான் லேப்டாப்பின் சார்ஜர் செருகியிருந்தது.

"வயர் நனைஞ்சிடும்," என்று எழுந்தாள்.

"நான் போறேன்."

"வேணாம். நீங்க டிவியப் பார்த்துக்கிட்டு இருங்க."

படி ஏறினாள். நடுத் தளத்தில் கால் ஒரு கணம் தயங்கியது. வாடை இல்லை. கழுவி விட்டதுபோல் சுத்தமான காற்று. மனம் லேசானது. மீதிப் படிகளை வேகமாக ஏறினாள்.

"கிளீனா இருக்கு!" என்று கீழிருந்து குகன் கத்தினான். "ஒண்ணும் இல்ல!"

பின்னறைக்குள் நுழைந்தாள். ஜன்னல் வழியாகச் சாரல் தரையில் தெறித்துக்கொண்டிருந்தது. கதவோரம் ஸ்டூலில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு, அறையைக் கடந்து ஜன்னலுக்குப் போனாள். ஒரு கையால் ஜன்னலைச் சாத்தினாள். குனிந்து சார்ஜரைப் பிடுங்கினாள்.

துணி வாடை அடித்தது.

கையிலிருந்த திரையில் உஷாராணி கூரைப்புடவை கட்டிக்கொண்டு மணவறையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். கேமரா வாசலிலேயே நிற்க, மணப்பெண் முதுகைக் காட்டி நடந்து போகிறாள். ஒவ்வொரு அடிக்கும் சிறியவளாகிறாள். ஒரு கை நீளம். ஒரு விரல் நீளம்.

தேயவில்லை. நடந்து போகிறாள்.

முதுகைக் காட்டி நிற்கிறவள் சிறியவளானாள் என்றால், அவள் டிவியை விட்டு விலகிப் போகிறாள். படி ஏறுகிறாள். கடைசியில் காணாமல் போனாள் என்றால், ஸ்டூலில் இருந்த லேப்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

இந்த அறைக்குள்.

மழைக்கு நடுவே கீழே குகன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும் போலிருந்தது.

"தாமரை." ரொம்ப மெதுவாக, ரொம்பப் பொறுமையாகக் கூப்பிட்டான். "லேப்டாப்ப மூடிடாதே."

"தெரியுதா?"

"தெரியுது. சின்னதா. முதுகு."

அப்படியென்றால் தனக்கும் கதவுக்கும் நடுவில். தன்னைப் பார்த்துக்கொண்டு.

தாமரை நிமிர்ந்து அறையைப் பார்த்தாள். எதுவும் இல்லை. ஸ்டூல், திறந்த கதவு, அதற்கப்பால் படி. கூடத்து விளக்கின் மஞ்சள் வெளிச்சம் படிச் சுவரில் விழுந்திருந்தது. நடந்தால் போய்விடலாம்போல் அவ்வளவு காலியாக இருந்தது அறை.

"எந்தப் பக்கம் நிக்கிறா?"

"வலது பக்கம்."

"எனக்கு வலதா, உங்களுக்கு வலதா?"

குகன் தடுமாறினான். "டிவியில வலது... இரு, இரு. நீ என்னப் பார்த்து நிக்கிற. அப்படின்னா உனக்கு இடது. உன் வலது கைப் பக்கம் சுவரோட ஒட்டி வா. மெதுவா வா."

வலது தோளைச் சுவரில் அழுத்திக்கொண்டு அடியெடுத்து வைத்தாள். கையில் லேப்டாப் ஆடியது. கீழே டிவியில் யாரோ சத்தத்தைக் கூட்டியதுபோல் நாதஸ்வரம் ஓங்கி ஒலித்தது. இடது கன்னத்தில் குளிர் பட்டது, ஈரத் துணியை உதறினால் படுவதுபோல.

"அசையறாளா?"

கீழே நாற்காலி ஒன்று சாயும் சத்தம்.

"குகன், அசையறாளா?"

"தலை திரும்புது," என்றான். குரல் உடைந்திருந்தது. "நீ வர்ற பக்கமா திரும்புது. நிக்காதே. வா. என் குரலையே கேட்டுக்கிட்டு வா."

இன்னும் ஓர் அடி. கெட்டிமேளம். இன்னும் ஓர் அடி. காதோரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம், தரையில் விழாத தண்ணீர்.

"இப்ப காணோம்," என்றான் குகன்.

காலையில் அவனைக் கடைக்கு ஓடவைத்ததும் அவள் காணாமல் போனதுதான். இப்போது இருவருக்கும் அதன் அர்த்தம் தெரிந்திருந்தது. தாமரை அவளைத் தாண்டிவிட்டாள். அவள் இனி தாமரைக்குப் பின்னால்.

"ஓடு!"

ஓடினாள். படிகள் காலில் பட்டதா என்றே தெரியவில்லை. கடைசிப் படியில் குகன் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டான். லேப்டாப் எங்கோ விழுந்து உடைந்தது. செருப்புக்கூடப் போடாமல் கிரில்லைத் தள்ளிக்கொண்டு கொட்டும் மழையில் வெளியே ஓடினார்கள். வீரம்மா ஆன்டி தன் போர்ச்சில் நின்றிருந்தார். கேட்டைத் திறந்து இருவரையும் உள்ளே விட்டு, உடனே பூட்டினார்.

அன்றே ரவாங்குக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டில் இன்னொரு இரவு தங்கவில்லை. சாமான்களை எடுக்கக் குகன் ஆட்களோடு போனபோது தாமரை போகவில்லை. டிவியை அங்கேயே விட்டுவிடச் சொன்னாள்.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில், உயரமான ஒரு கட்டடத்தில், சின்ன வீடு. படிக்கட்டே இல்லாத வீடு. குகன் கொமுட்டர் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறான். வீட்டில் டிவி இல்லை. யாரும் வாங்கலாமா என்று கேட்கவும் இல்லை. தாமரை மேசையை முழுச் சுவருக்கு எதிரே போட்டிருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திரை மட்டும். சில மாதங்களில் தூக்கம் திரும்பியது. சாப்பாடு இறங்கியது. ஒருநாள் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவியதைக் கேட்டு, குகன் சத்தம் போடாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

கல்யாண சீசன் தொடங்கியது. சிவமலர் என்று ஒரு பெண், அடுத்த மாதம் கல்யாணம். வீடியோ அழைப்பில் பேசலாமா என்று கேட்டாள். நல்ல வெளிச்சமான மத்தியானம். தாமரை முடியைச் சரிசெய்துகொண்டு அழைப்பை எடுத்தாள். துறுதுறுவென்ற பெண், எந்தப் பாட்டு, எந்த நிறம் என்று மூச்சுவிடாமல் பேசினாள். தாமரைக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மண்டபத்தில் எங்கெங்கே கேமரா வைப்பது என்று விளக்கத் தொடங்கினாள்.

சிவமலர் தலையை ஒரு பக்கம் சாய்த்து எட்டிப் பார்ப்பதுபோல் செய்தாள்.

"அக்கா, ஸாரி... வீட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்லையே. ஏம்மா?"

"அவங்களக் கொஞ்சம் நகரச் சொல்லுங்கக்கா," என்று சிவமலர் சிரித்தாள். "முன்னாடி நின்னுக்கிட்டு மறைக்கிறாங்க. உங்க முகமே தெரியல, அவங்க தலைமுடிதான் தெரியுது."

தாமரையின் திரை மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் அவள் முகம் இருந்தது. பின்னால் ஜன்னல் திரை இருந்தது. வேறு எதுவும் இல்லை. அவள் விரலைக்கூட அசைக்கவில்லை.

"ஓ, கேட்டுட்டாங்க போல," என்றாள் சிவமலர் கலகலவென்று. "இந்தப் பக்கம் திரும்புறாங்க. ஹாய் ஆன்டி..."

கையசைக்கத் தூக்கிய கை பாதியில் நின்றது. திரையில் சிவமலரின் முகத்திலிருந்து சிரிப்பு, கொஞ்சம் கொஞ்சமாக, வடிந்து போவதைத் தாமரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.